வெண்ணெய், பிஸ்கட், பெட்ரோல்: விஸ்கான்சினில் ஓர் ஆண்டு

"வியாபாரத்தை அதன் போக்கில் விடுங்கள், சர்க்கார் தலையிட வேண்டாம்" என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்மில் பாதிப் பேர் கை தட்டுகிறோம். மீதிப் பேர் கல்லாப் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக் கொள்கிறோம். கை தட்டுகிறவருக்கு நினைவில் வருவது, லைசென்ஸ் புதுப்பிக்க நகராட்சிப் படிக்கட்டில் ஏறி இறங்கிய நாட்கள். கல்லாவைத் தொடுகிறவருக்கு நினைவில் வருவது 2012ஆம் ஆண்டு. அந்தச் செப்டம்பரில்தான் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தது. அனுமதிப்பதா, மறுப்பதா என்பதை அந்தந்த மாநில அரசின் முடிவுக்கு விட்டது. தமிழக அரசு மறுத்தது. நாம் மூச்சு விட்டோம்.

லைசென்ஸ் தொல்லை வேண்டாம் என்பதும், அந்நியக் கடை வரட்டும் என்பதும் ஒரே கொள்கையின் இரண்டு கிளைகள். ஒரு கிளையில் நமக்குப் பழம், மற்றதில் முள். இதை நாம் இதுவரை சரியாக உட்கார்ந்து யோசித்ததில்லை என்பதே நமது எண்ணம். யோசிக்க ஒரு நல்ல உதாரணம் கடல் கடந்த ஒரு மாநிலத்தில் கிடைக்கிறது. அதைத்தான் இம்முறை வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

தடையற்ற வணிகம் என்னும் குரல் நமக்குப் புதிதல்ல. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் என்று சாடியதை நமது மூத்த வணிகர்கள் இன்னும் சொல்லக் கேட்கலாம். ஆனால் அது கட்சி. தேர்தலில் நின்றது, சில இடங்களில் ஜெயித்தது, பிறகு கரைந்து போனது. அமெரிக்காவில் இதே கொள்கையைப் பேசும் அமைப்புகள் தேர்தலில் நிற்பதில்லை. அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், பொருளாதாரம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சட்டப் புத்தகத்தைத் திறந்து, இந்தப் பிரிவு இந்த வியாபாரியை வாட்டுகிறது என்று ஒரே ஒரு பிரிவில் விரல் வைப்பார்கள். அதைக் கோர்ட்டிலோ சட்டசபையிலோ நீக்கும்வரை விடமாட்டார்கள்.

அங்கே வணிகம் சம்பந்தமான சட்டங்களில் பெரும்பகுதி மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஆகவே இவர்களும் தலைநகர் வாஷிங்டனோடு நின்றுவிடுவதில்லை. மாநிலம் மாநிலமாகப் போகிறார்கள். 1991இல் தொடங்கப்பட்ட 'நீதிக்கான நிறுவனம்' எனும் வக்கீல்கள் அமைப்பு நாடு முழுவதும் வழக்காடுகிறது. ஒரு மாநிலத்துக்குள்ளேயே வேலை செய்யும் அமைப்புகளும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் 2011இல் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட 'விஸ்கான்சின் சட்டம் மற்றும் சுதந்திர நிறுவனம்' அப்படிப்பட்டது. ரிக் எசன்பர்க் என்ற வக்கீல் அதன் தலைவர். அதே நகரத்து பிராட்லி அறக்கட்டளை அதற்குப் பெரும் நிதி தந்தது. தர்ம சிந்தனையில் தந்ததா, கொள்கைப் பற்றில் தந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று அவர்களே ஒளிக்காமல் சொல்வார்கள்.

இந்த இரண்டு அமைப்புகளும், கோக் சகோதரர்கள் ஆதரவில் 2004இல் உருவான இன்னொரு இயக்கமும் 2017ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் செய்த வேலை நமது தொழிலோடு நேராகச் சம்பந்தப்பட்டது. வெண்ணெய், வீட்டில் சுட்ட பிஸ்கட், பெட்ரோல் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

விஸ்கான்சின் பால் மாநிலம். அங்கே வண்டிகளின் நம்பர் பலகையிலேயே அதைப் பொறித்திருப்பார்கள். பால்பண்ணைக்காரரின் செல்வாக்கு எவ்வளவு என்றால், வெண்ணெய்க்குப் போட்டியாக வந்த மார்கரின் மஞ்சள் நிறத்தில் இருக்கக் கூடாது என்று 1895இல் சட்டம் போட்டு 1967 வரை அதைக் காப்பாற்றினார்கள். குடும்பத் தலைவிகள் எல்லை தாண்டி இல்லினாய் மாநிலத்துக்குப் போய் மஞ்சள் மார்கரின் வாங்கி வந்தார்களாம். டால்டா வந்த காலத்தில் நம் ஊர் நெய் வியாபாரிகளுக்கு இப்படி ஒரு சட்டம் கிடைத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்களா என்ன!

அதே மாநிலத்தில் 1953 முதல் இன்னொரு சட்டமும் உண்டு. சில்லறையில் விற்கும் வெண்ணெய் ஒவ்வொன்றும் மாநில லைசென்ஸ் பெற்ற தரம்பிரிப்பவராலோ, மத்திய விவசாயத் துறையாலோ சுவை, மணம், பதம் பார்த்துத் தரமிடப்பட்டிருக்க வேண்டும். தரமிடாத வெண்ணெயை விற்ற கடைக்காரருக்கு 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். கவனிக்க வேண்டும்: தண்டனை வெண்ணெய் செய்தவருக்கு மட்டுமல்ல, அலமாரியில் வைத்த கடைக்காரருக்கும்தான். கலப்படப் பாக்கெட்டுக்கு, அதை மூட்டை பிரிக்காமல் விற்ற நாம் கோர்ட்டுக்கு அலைகிறோமே, அதே கதை. இத்தனைக்கும் அங்கே கலப்படம் என்ற பேச்சே இல்லை. அயர்லாந்திலிருந்து வந்த நல்ல வெண்ணெய்தான். சீட்டு மட்டும் இல்லை.

அந்தச் சட்டம் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. பிறகு மாநில அதிகாரிகள் கடைகளுக்கு நினைவூட்டல் அனுப்ப, அயர்லாந்து வெண்ணெய் அலமாரிகளிலிருந்து இறங்கியது. வாடிக்கையாளர்கள் மறுபடியும் இல்லினாய்க்கு வண்டி கட்டினார்கள். 2017 மார்ச்சில், அயர்லாந்துக்காரர்களின் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி, மில்வாக்கி அமைப்பு வழக்குப் போட்டது. நாளைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். பத்திரிகைகள் தாமாகவே ஓடி வந்தன. வழக்காடிகளாக வெண்ணெய்ப் பிரியர்கள் சிலரும், அவர்களோடு ஒரு சிறிய உணவுப் பொருள் கடையும் சேர்ந்திருந்தார்கள். பெரிய இறக்குமதியாளரை அவர்கள் முன்னே நிறுத்தவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த வெண்ணெய் தரமிடப்பட்டுக் கடைகளுக்குத் திரும்பிவிட்டது. சட்டம் மட்டும் அசையவில்லை. ஒஹையோ மாநிலத்து வெண்ணெய் உற்பத்தியாளர் ஒருவர் இதே சட்டத்தை எதிர்த்து மத்திய கோர்ட்டில் தொடுத்த வேறொரு வழக்கு 2018இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வாங்குபவருக்குத் தரம் பற்றித் தகவல் தருவது அரசுக்கு நியாயமான நோக்கமே என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆக, இவர்கள் தொட்டதெல்லாம் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பிஸ்கட். இதில்தான் நமக்குச் சங்கடமான பாடம் இருக்கிறது.

2017 வரையில், வீட்டு அடுப்பில் சுட்ட பிஸ்கட், கேக், ரொட்டி வகைகளை லைசென்ஸ் இல்லாமல் விற்பது விஸ்கான்சினில் குற்றம். லைசென்ஸ் வேண்டுமென்றால் வீட்டுச் சமையலறை போதாது. வியாபாரச் சமையலறை ஒன்று கட்டியாக வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதமோ, ஆறு மாதம் சிறையோ. அந்தச் சமயத்தில் இப்படி அடியோடு தடை வைத்திருந்தவை விஸ்கான்சினும் நியூ ஜெர்சியும் ஆகிய இரண்டு மாநிலங்கள் மட்டுமே. ஆனால் அதே பிஸ்கட்டை ஒரு சர்ச்சோ, தர்ம ஸ்தாபனமோ வருஷத்தில் 12 நாட்கள் வரை விற்கலாம்! தர்மத்துக்கு விற்றால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாத பிஸ்கட், பிழைப்புக்கு விற்றால் மட்டும் ஆபத்தாகிவிடும் போலும். இன்னும் வேடிக்கை, வீட்டில் போட்ட ஊறுகாயை ஆண்டுக்கு 5,000 டாலர் வரை லைசென்ஸ் இல்லாமல் சந்தையில் விற்கலாம் என்று 2010இலேயே சட்டம் வந்துவிட்டது. லேபிளில் இது அரசுப் பரிசோதனைக்கு உட்படாத வீட்டில் தயாரானது என்று எழுதி ஒட்டினால் போதும். ஊறுகாய்க்குக் கிடைத்த சலுகை பிஸ்கட்டுக்கு இல்லை.

ஏன்? பிஸ்கட் மசோதா சட்டசபைக்கு வந்த போதெல்லாம் ஒரு அவையில் நிறைவேறும். மறு அவையில் வாக்கெடுப்புக்கே வராமல் கிடக்கும். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் ரொட்டிக் கடைக்காரர் சங்கத்தினர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் கடை வாடகை கட்டுகிறார், ஆய்வாளருக்குப் பதில் சொல்கிறார், பத்துப் பேருக்குச் சம்பளம் தருகிறார். பக்கத்து வீட்டுப் பெண்மணி இது எதுவும் இல்லாமல் சனிக்கிழமைச் சந்தையில் கூடை வைத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் எரிச்சல் வேறு, சட்டம் வேறு. தனக்குப் போட்டி வரக் கூடாது என்பதற்காகச் சுகாதாரத்தின் பெயரால் ஒரு தடையைப் பிடித்துத் தொங்கினால், அந்தத் தடை கோர்ட்டில் நிற்காது.

நிற்கவும் இல்லை. விவசாயக் குடும்பத்துப் பெண்கள் மூவர் சார்பில் 'நீதிக்கான நிறுவனம்' 2016இல் தொடுத்த வழக்கில், 2017 மே மாதக் கடைசியில் லஃபாயெட் கவுண்டி நீதிபதி டுவேன் ஜோர்கன்சன் தீர்ப்பளித்தார். கெட்டுப் போகாத இந்தப் பண்டங்களைத் தடுப்பதற்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் உண்மையான தொடர்பு எதுவும் காட்டப்படவில்லை. ஆகவே தடை செல்லாது என்றார். நியூ ஜெர்சியிலும் 2021இல் தடை போயிற்று.

நமது சங்கங்களிலும் இந்தப் பேச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. தெருவில் இரண்டு வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு, இட்லிப் பொடி அரைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறார்கள். வாடகை இல்லை, ஆள் கூலி இல்லை, நம் வியாபாரம் கெடுகிறது, இதைத் தடுக்கச் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். 2011இல் உணவுப் பாதுகாப்பு விதிகள் வந்தபோது, 12 லட்ச ரூபாய் வரை விற்றுவரவு உள்ள சிறு தயாரிப்பாளருக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்றுதான் வைத்தார்கள். அந்த விதிகளை எதிர்த்துக் குரல் கொடுத்த நாம், சிறு வணிகருக்கு அந்த அளவாவது சலுகை இருக்கட்டும் என்றுதானே கேட்டோம்? அதே சலுகையில் பக்கத்து வீட்டு அம்மாள் பிழைப்பதை நாம் எப்படித் தடுக்கக் கேட்பது? பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்கலாம். லேபிளில் தேதியும் விலாசமும் போடச் சொல்லலாம். அதோடு அவர் முறுக்கை வாங்கி நம் கடை வாசல் பாட்டிலில் போட்டு விற்கலாம். அப்பளமும் வடகமும் நம் கடைக்கு அப்படித்தானே வந்தன? தடை கேட்டு மனுக் கொடுப்பதற்கு நாம் ஆதரவாக இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஓர் அதிகாரித் துறை போடும் விதியால் இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 1 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் செலவு ஏற்படுமானால், சட்டசபை தனியே சட்டம் இயற்றி ஒப்புக் கொண்டால் தவிர அந்த விதி செல்லாது என்று விஸ்கான்சின் சட்டம் செய்தது.  நமக்கு விதி வருவதே கெஜட்டில் வெளியாகி, ஆய்வாளர் கடைக்கு வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. யோசிக்கத் தக்க சட்டம்.

இனி பெட்ரோல். நாம் எழுத வந்ததே இதற்காகத்தான்.

விஸ்கான்சினில் 1939இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பின்னணி மளிகை வியாபாரிகளுக்குச் சுவையானது. 1930 வாக்கில் ஏ அண்ட் பி என்ற ஒரே மளிகைக் கம்பெனிக்கு அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. மொத்தமாக வாங்கி, தனித் தள்ளுபடி பெற்று, சில சரக்குகளை அடக்கத்துக்கும் கீழே விற்று, பக்கத்துக் கடையை மூட வைப்பது வழக்கம் என்று சிறு மளிகைக்காரர்கள் புகார் சொன்னார்கள். அவர்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. கடை எண்ணிக்கை கூடக் கூட வரி கூடும்படி மாநிலங்களில் சட்டம் போட வைத்தார்கள். இண்டியானாவின் அப்படிப்பட்ட சட்டத்தை 1931இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. 1936இல் மத்தியில் ராபின்சன் பேட்மன் சட்டம் வந்தது: ஒரே சரக்கைப் பெரிய கடைக்கு ஒரு விலை, சிறிய கடைக்கு ஒரு விலை என்று காரணமின்றி விற்கக் கூடாது. இந்த அலையில் வந்ததுதான் விஸ்கான்சினின் நியாயமற்ற விற்பனைச் சட்டம்.

அதன் சாரம் இது. வேறு சரக்கை வாங்கத் தூண்டுவதற்காகவோ, போட்டியாளரின் வியாபாரத்தை இழுப்பதற்காகவோ எந்தச் சரக்கையும் அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது. அடக்கம் என்றால் பில் விலையில் வியாபாரத் தள்ளுபடி போக, வண்டிக் கூலி சேர்த்து வருவது. பெட்ரோல், மது, புகையிலை ஆகியவற்றுக்கு அடக்கம் மட்டும் போதாது. குறைந்தபட்ச லாபமும் சேர்த்தாக வேண்டும். பெட்ரோலில் கிடங்கிலிருந்து எடுத்துச் சில்லறையிலும் தானே விற்பவருக்கு அது 9.18 சதவீதம். அழுகும் சரக்கு, சேதமான சரக்கு, தேங்கிய சரக்கைக் கழிப்பது இவற்றுக்கு விலக்கு உண்டு. எதிர்க்கடைக்காரர் ஏற்கெனவே குறைத்து விற்றால், அந்த விலைக்குச் சமமாக இறங்கவும் விலக்கு உண்டு. மீறினால் அரசு மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட வியாபாரியும் கோர்ட்டுக்குப் போகலாம்.

படிக்கும்போதே நமக்கு ஏக்கமாக இல்லையா? நம் நாட்டில் பாக்கெட்டின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கிறது. அதற்கு ஒரு ரூபாய் கூட வாங்கினால் எடை அளவுச் சட்டம் நம் மேல் பாயும். குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. செல்போனில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிஷத்தில் கொண்டு தருகிற கம்பெனிகள், நாம் டீலரிடம் கொள்முதல் செய்யும் விலைக்கும் கீழே அதே சோப்பையும் அதே டீத்தூளையும் விற்பதை அன்றாடம் பார்க்கிறோம். முதலீட்டாளர் பணம் ஆண்டுக் கணக்கில் நஷ்டத்தைத் தாங்குகிறது. நமக்கு நஷ்டத்தைத் தாங்க வீட்டு நகைதான் இருக்கிறது.

இந்தச் சட்டத்தைத்தான் 2017இல் நீக்க முயன்றார்கள். வெண்ணெய்க்காகக் கடைக்காரர் பக்கம் நின்று வழக்காடிய அதே மில்வாக்கி அமைப்பு, குறைந்தபட்ச லாபச் சட்டத்தை எடுக்க வேண்டும் என்ற இயக்கத்திலும் முன்னே நின்றது. கோக் ஆதரவு இயக்கமும் கூடவே நின்றது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, வணிகர்கள் இதைக் கோபமில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கடைக்காரருக்கு நண்பர்களும் அல்லர், பகைவர்களும் அல்லர். விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கை மார்ச்சில் நமக்குச் சாதகமாக விழுந்தது, வேறொரு மாதத்தில் பாதகமாக விழுந்தது.

அவர்கள் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அண்டை மாநிலத்தவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி இவர்களுக்குக் கிடைப்பதில்லை. இப்படிச் சட்டம் உள்ள மாநிலங்களில் சிறிய பெட்ரோல் நிலையங்கள் மற்ற இடங்களைவிட அதிகமாக இல்லை. போட்டியாளரை ஒழிக்கும் விலைக்கு எதிராக மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் வாதத்தில் உண்மை உண்டு. அடக்கத்துக்கு மேல் 9.18 சதவீதம் லாபத்தைச் சட்டமே போட்டுத் தருவது சற்று அதிகம் என்றே நமக்கும் படுகிறது. வியாபாரி லாபத்தைத் தன் திறமையில் தேட வேண்டும். லாபத்துக்குச் சட்ட உத்தரவாதம் கேட்பது வேறு, அடக்கத்துக்குக் கீழே விற்று ஒழிக்காதே என்று கேட்பது வேறு. முதலாவதை நாம் கேட்கவில்லை.

ஆனால் கடைசி வாதம் ஏட்டுச் சுரைக்காய். மத்தியச் சட்டத்தின்படி ஒழிப்பு விலையை நிரூபிக்க என்ன வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் ஒரு சிகரெட் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது. அடக்கத்துக்குக் கீழே விற்றார் என்று காட்டினால் போதாது. பிற்பாடு விலையை ஏற்றி அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் வாய்ப்பு அவருக்கு நிஜமாகவே இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். எந்த மளிகைக்காரர் காட்டுவார்? நமது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்திலும் ஒழிப்பு விலை குற்றம்தான். ஆனால் விற்றவர் சந்தையில் ஆதிக்கம் செலுத்துபவர் என்று முதலில் நிரூபணமாக வேண்டும். மூன்று நான்கு பெரிய கம்பெனிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலையை இறக்கும்போது, யாருமே ஆதிக்கக்காரர் இல்லை என்று ஆகிவிடும். நடுவில் நசுங்குபவர் மட்டும் நாம்.

2017 மசோதா நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை என்பதற்குச் சில ஆண்டுகள் பின்னே போக வேண்டும். ஒரு பெரிய எரிபொருள் கம்பெனி, இந்தச் சட்டம் செல்லாது என்று மத்திய கோர்ட்டில் வழக்குப் போட்டு 2009இல் ஜெயித்துவிட்டது. மாநில அரசின் தலைமை வக்கீல் மேல்முறையீடு செய்யவில்லை. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். அப்போது பெட்ரோல் சில்லறை வியாபாரிகள் சங்கம், அரசு போகாவிட்டால் நாங்கள் போகிறோம், எங்களை வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது. 2010இல் தீர்ப்பு புரண்டது, சட்டம் பிழைத்தது. சொந்தச் செலவில் வக்கீல் வைத்து, அரசே கைவிட்ட சட்டத்தை ஒரு வியாபாரிகள் சங்கம் மீட்டது. சட்டசபையில் மறுபடி ஆபத்து வந்தபோதும் அவர்களே முன்னே நின்றார்கள்.

எதிர்த்தரப்பாரிடமும் சரி, இந்தச் சங்கத்தாரிடமும் சரி, ஒரு பழக்கத்தைப் பார்க்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு சட்டப்பிரிவு. அதற்கு வேண்டிய பில், கணக்கு, சாட்சி. நாமோ மே 5ஆம் நாள் வணிகர் தின மாநாட்டில் இருபது தீர்மானம் போடுகிறோம். நிரந்தரத் தீர்வு, உரிய நடவடிக்கை, வன்மையான கண்டனம் என்று எழுதி அமைச்சரிடம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அந்த மாநாடு நமக்குப் பலம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கடையடைப்பு நடத்தினால் ஊர் திரும்பிப் பார்க்கிறது என்பதும் மெய். மறுநாள் கடை திறந்ததும் மறந்தும் விடுகிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எந்த வாசகத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்த மனு நமது அலுவலக பீரோவில் எத்தனை இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் தெரியும்.

அடக்கத்துக்குக் கீழே விற்பதைத் தடுக்க மாநில அளவில் சட்டம் கேட்க முடியுமா? மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 26ஆவது இனமாக இருக்கிறது. உணவுப் பொருள், சமையல் எண்ணெய் போன்ற சில மத்தியும் மாநிலமும் பங்கிட்டுக் கொள்ளும் பொதுப் பட்டியலில் 33ஆவது இனத்தில் வருகின்றன. ஆகவே வழி அடியோடு அடைந்துவிடவில்லை, சிக்கல் உண்டு. விவரம் தெரிந்த வக்கீல்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்க வேண்டும். கேட்கும்போது அழுகும் சரக்குக்கும் தேங்கிய சரக்குக்கும் விலக்கு இருக்க வேண்டும் என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் தக்காளியைப் பாதி விலைக்குத் தள்ளுகிற நம் கடைக்காரரே முதல் குற்றவாளி ஆவார். தீபாவளிச் சலுகைக்கு என்ன செய்வது என்பதும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஜவுளிக் கடை அன்பர்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் கணக்கு வேண்டும். அவர்கள் கீழே விற்கிறார்கள் என்று வாயால் சொன்னால் எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். அடுத்த செயற்குழுவில் நாம் முன்வைக்கப் போவது இதுதான். கிளைச் சங்கம் ஒவ்வொன்றிலும் பத்துக் கடைகள் முன்வர வேண்டும். வாரம் ஒருநாள், துவரம் பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய், டீத்தூள், குளியல் சோப்பு ஆகிய ஐந்து சரக்குகளின் கொள்முதல் பில்லை எடுத்து வைத்து, அதே நாளில் செல்போன் கடைகள் அதே பிராண்டை என்ன விலைக்குத் தருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதி, பில் நகலோடு சேர்த்துவைக்க வேண்டும். சரக்கு பெறும்போது வாங்கும் விநியோகக் கூலியையும் தனியே குறிக்க வேண்டும். விலையில் குறைத்துக் கூலியில் எடுத்தால் அது வேறு கணக்கு. எண்ணெயில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. ஒரே பிராண்டில் ஒரு லிட்டர் என்றும், அதைவிடச் சில கிராம் குறைந்தும் பாக்கெட்டுகள் வருகின்றன. நிகர எடையைப் பார்த்து எழுதாத நோட்டை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கிழித்துவிடுவார்.